துறை பொது; தோணி அவரவர்க்கு



பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்தை நம்மில் பலர் நிதானித்து வாசிப்பதில்லை. பலி, தீட்டு, திருநாள் என்று நீண்டு செல்லும் சட்டங்களின் நடுவே, இருபத்தைந்தாம் அதிகாரத்தில், காணியைப் பற்றிய சட்டமொன்று இருக்கிறது. இஸ்ராயேல் மக்கள் தங்கள் காணியை அறுதியாக விற்றுவிடலாகாது என்பது அதன் சாரம். அதற்கு ஆண்டவர் காட்டும் காரணமோ நம்மைத் திடுக்கிடச் செய்வது. நிலம் அவருக்குரியது, மனிதர் அனைவரும் அவருடைய வளவில் குடியிருக்க வந்தவர்களே! ஆகவே ஐம்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்காளம் முழங்கவேண்டும். கடன்பட்டுக் காணியை இழந்த குடும்பம் தன் காணிக்குத் திரும்பவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் 'வளவில் குடியிருப்பவர்' என்றால் அதற்கு ஒரு பொருள் உண்டு. பிறருடைய காணியில், பிறருடைய தயவில், ஒரு கொட்டில் போட்டு வாழ்பவர் என்பதே அப்பொருள். அச்சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தலைகுனிந்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! ஆனால் வேதத்தின் கண்ணில் உறுதி வைத்திருப்பவரும் உறுதி இல்லாதவரும் ஒரே நிலையினர். இருவரும் குடியிருப்பாளர்கள். வளவுக்காரர் ஒருவர்தாம். இதை நாம் மெய்யாகவே நம்பினால், காணியைப் பங்கிடும் நமது முறையும் மாறவேண்டுமன்றோ? இவ்வாரம் இதைக் குறித்தே உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

துறையும் தோணியும்

கொழும்புத்துறையைப் பாருங்கள். ஊரின் பெயரிலேயே துறை இருக்கிறது. கடனீரேரிக்கு அப்பால் பூநகரி. முற்காலத்தில் அக்கரையிலிருந்து நெல்லும் ஆட்களும் தோணிகளில் வந்து இக்கரையில் இறங்கினர். துறையின் ஒழுங்கை நாம் எல்லோரும் அறிவோம். தோணி அவரவருடையது. வலை அவரவருடையது. பிடித்த மீனும் நண்டும் இறாலும் அவரவருடையவை. தகப்பனின் தோணி மகனுக்கு வரும். வேண்டுமானால் அதை விற்கவும் செய்யலாம். ஆனால் தோணியைக் கட்டும் துறை யாருடையது? ஊருடையது. அதை ஒருவர் வேலியடைத்துப் படலை போட்டுப் பூட்டினால், மறுநாள் எத்தனை வீட்டு அடுப்புகள் எரியாமற் போகும்! துறை பொதுவாக இருப்பதனால்தான் சொந்தத் தோணியாலும் பயன் உண்டு.

குடியிருக்கும் காணிக்கும் இதே ஒழுங்கைச் செய்யலாம் என்று கண்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். நிலம் துறையைப்போல ஒரு பொதுச் சபையின் பெயரில் இருக்கும். வீடு தோணியைப்போலக் குடும்பத்தின் சொந்தமாக இருக்கும். நிலத்தைச் சபை அக்குடும்பத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்கு, பல இடங்களில் 99 ஆண்டுகளுக்கு, எழுதிக் கொடுக்கும். அந்தக் குத்தகை பிள்ளைகளுக்கு இறங்கும். குடும்பம் ஊரைவிட்டுப் போக விரும்பினால் வீட்டை விற்கலாம். ஆனால் வாங்குபவரும் வசதி குறைந்தவராக இருக்கவேண்டும். விலையும் முன்னரே எழுதிவைத்த கணக்கின்படி அமையவேண்டும். நிலமோ ஒருநாளும் சந்தைக்கு வராது.

சபையை யார் நடத்துவது? அமெரிக்காவில் பரவியுள்ள வழக்கப்படி, மூன்றில் ஒரு பங்கினர் அந்நிலத்தில் குடியிருப்போர். ஒரு பங்கினர் அயலில் வாழ்வோர். எஞ்சிய பங்கினர் பொதுநலம் பேணும் அறிஞர்களும் அதிகாரிகளும். இத்தகைய ஏற்பாட்டை நாம் 'ஊர்க்காணித் தருமம்' என்று அழைப்போம். நம் முன்னோர் கோயிலுக்கும் மடத்துக்கும் எழுதிவைத்த தருமசாதனத்தின் உடன்பிறப்பு இது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இலங்கையில் தரும நோக்கமுள்ள நம்பிக்கைப் பொறுப்புகளுக்கு இடமளித்திருக்கிறது. ஆகவே வழி முற்றாக அடைபட்டதொன்றல்ல.

உறுதி இல்லாதவர் யார்?

யாழ்ப்பாணத்தவனுக்குச் சொத்து மூன்று வழியில் வருகிறது: முதுசம், சீதனம், தேடியதேட்டம். 1707ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த தேசவழமைச் சட்டம் இம் மூன்றையும் விரிவாகப் பேசுகிறது. காணியை விற்க நினைப்பவன் முதலில் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும் அறிவிக்கவேண்டும் என்ற முற்கொள்ளல் உரிமையும் அதில் உண்டு. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அவ்வுரிமையைச் சுருக்கி, கூட்டுச் சொந்தக்காரருக்கும் வாரிசுகளுக்கும் உரியதாக்கியது. எனினும் அதன் உட்கருத்து ஆழமானது: காணி விற்பனை விற்பவன், வாங்குபவன் ஆகிய இருவருடைய காரியம் மட்டுமன்று, சுற்றத்தின் காரியமுமாகும். பழைய உறுதிகளை எடுத்துப் பாருங்கள். கிணற்றில் பங்கு, வழியில் பங்கு, வாய்க்காலில் பங்கு என்று எழுதியிருக்கும். ஆகவே சேர்ந்து வைத்திருப்பது நமக்குப் புதிய பாடமன்று.

யாரைச் சேர்த்து வைத்திருந்தோம் என்பதுதான் கேள்வி. அதே தேசவழமைத் தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதி இருக்கிறது. தாமே மற்றொருவரின் சொத்தாக எழுதப்பட்டிருந்த மனிதருக்கு முதுசம் எங்கிருந்து வரும்? சீதனம் எதைக் கொண்டு கொடுப்பார்? 1844ஆம் ஆண்டில் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. சங்கிலி அகன்றது, காலூன்ற நிலம் கிடைக்கவில்லை. பங்குக் கிணற்றில் பங்கு இல்லாதவர், அள்ளவும் அனுமதி இல்லாதவர் என்று ஒரு கூட்டம் இருபதாம் நூற்றாண்டிலும் நீண்ட காலம் நின்றது. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டத்தை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் கத்தோலிக்க ஆலயங்களிலும் சாதிக்கொரு இடம் என்று இருந்த காலம் உண்டு. கோயிற் கதவு திறந்தது; பள்ளிக்கூடக் கதவு திறந்தது. காணிப் படலை மட்டும் பலருக்கு இன்னும் திறக்கவில்லை.

யுத்தம் இந்தக் காயத்தை மேலும் ஆழமாக்கியது. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தனர். ஆண்டுகள் பல கழிந்து காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, உறுதி உள்ளவர்கள் தங்கள் வேலியைத் தேடிப் போனார்கள். நலன்புரி முகாம்களில் எஞ்சிக் கிடந்தவர்களுள் பலர், விடுவிப்பதற்குக் காணியே இல்லாதவர்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட யாழ்ப்பாண முஸ்லிம் மக்களுள்ளும், திரும்பி வந்தபோது நிற்க ஒரு துண்டு நிலமில்லாமல் தவித்த குடும்பங்கள் இருந்தன. 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குத் தப்பி வன்னிக்கு வந்த மலையக மக்களுள் எத்தனையோ பேர், காடு வெட்டித் திருத்திய மண்ணிலேயே உறுதியின்றிக் கூலிகளாக வாழ்ந்தனர்.

2009ஆம் ஆண்டின் பின் உதவிகள் வராமலில்லை. இந்திய அரசின் வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபாய் வீதம் கொடுக்கப்பட்டு ஆயிரமாயிரம் வீடுகள் எழுந்தன. நன்றியோடு நினைக்கவேண்டிய உதவி அது. ஆனால் வீடு கட்டக் காணி வேண்டுமே! காணி இல்லாதவருக்கு வீடும் இல்லை என்றாயிற்று. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், யுத்தத்தால் காணியை விட்டோடியவர்களின் உரிமை ஆட்சியுரிமையால் அழிந்துபோகாமல் காத்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அதுவும் இருந்ததை இழந்தவரைக் காக்கும் சட்டமேயன்றி, ஒருபோதும் இல்லாதிருந்தவருக்குக் கொடுக்கும் சட்டமன்று. இதற்கிடையில் வெளிநாட்டுப் பணத்தால் குடாநாட்டில் காணி விலை ஏறிவிட்டது. ஒருபுறம் பூட்டிய வீடும் பற்றை மண்டிய வளவும். மறுபுறம் ஒரு பரப்புக் காணிக்காக வாழ்நாள் முழுவதும் ஏங்கும் குடும்பம். இவ்விரண்டுக்கும் நடுவே பல இடங்களில் ஒரு வேலி மட்டுமே இருக்கிறது!

மூன்று நாட்டு அனுபவங்கள்

ஊர்க்காணித் தருமம் என்ற எண்ணத்தின் ஒரு வேர் நமக்கு அண்மையில், தென்னிந்தியாவில் இருக்கிறது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் திகதி, தெலுங்கானாவில் போச்சம்பள்ளி என்னும் கிராமத்துக்கு ஆச்சாரிய வினோபா பாவே சென்றார். நிலமில்லாத தாழ்த்தப்பட்ட மக்கள் தங்களுக்கு 80 ஏக்கர் வேண்டுமென்றனர். கூட்டத்திலிருந்த ராமச்சந்திர ரெட்டி என்பவர் எழுந்து 100 ஏக்கர் தருவதாக அறிவித்தார். பூமிதான இயக்கம் அன்று பிறந்தது. அடுத்த ஆண்டில், ஊரார் தங்கள் நிலங்களை ஊரின் பெயருக்கே ஒப்படைக்கும் கிராமதானம் தோன்றியது.

இயக்கம் ஐந்து கோடி ஏக்கரைத் தேடிப் புறப்பட்டது. கிடைத்தது நாற்பது இலட்சத்துக்குச் சற்று மேல். அதிலும் கல்லும் கரம்பையும் வழக்குக் காணியும் நிறைய இருந்தன. கூட்டத்தில் கைதட்டலுக்கிடையே வாக்களித்த நிலங்களில் கணிசமான பகுதி ஏழையின் கைக்குப் போய்ச் சேரவேயில்லை. அப்போஸ்தலர் பணி நூலில் பர்னபாஸ் தன் வயலை விற்று முழுவதையும் அப்போஸ்தலரின் பாதத்தில் வைத்தார். அனனியாஸ் கொடுத்ததுபோலக் காட்டி ஒரு பகுதியை ஒளித்துக்கொண்டான். இருவரும் அக்காலத்தோடு மறைந்துவிட்டவர்கள் அல்லர்.

கிராமதானத்தின் செய்தி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போயிற்று. அங்கே தென்பகுதியில் கறுப்பின விவசாயிகள் வாக்குரிமை கேட்டதற்காகவே வெள்ளை நிலச் சொந்தக்காரரின் காணிகளிலிருந்து துரத்தப்பட்டனர். வளவில் குடியிருப்பவன் வாய் திறந்தால் வளவு போகும் என்பது எந்த நாட்டுக்கும் பொது விதி போலும்! சார்ள்ஸ் ஷெரொட், அவர் மனைவி ஷேர்லி, ஸ்லேட்டர் கிங் முதலியோரும், கிராமதானத்தைக் கற்றிருந்த றொபேட் சுவான் என்பவரும் சேர்ந்து, 1969ஆம் ஆண்டில் ஜோர்ஜியா மாநிலத்தில் 'நியூ கொம்யூனிட்டீஸ்' என்ற தருமத்தை நிறுவினர். சுமார் 5,700 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. கறுப்பின மக்கள் கையில் அந்நாட்டில் அன்றிருந்த மிகப் பெரிய நிலப்பரப்பு அது.

ஆனால் நிலம் கடனில் வாங்கப்பட்டிருந்தது. அரசின் உதவி மறுக்கப்பட்டது. பின்னர் வரட்சி வந்தது. வெள்ளை விவசாயிகளுக்குக் கிடைத்த அவசரக் கடன் இவர்களுக்கு நேரத்துக்குக் கிடைக்கவில்லை. 1985ஆம் ஆண்டில் நிலம் முழுவதும் ஈட்டுக்குப் போயிற்று. பாகுபாடு காட்டப்பட்டதென்று 2009ஆம் ஆண்டில் தீர்க்கப்பட்டு ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் டொலர் நட்டஈடு கிடைத்தது. அதைக் கொண்டு 2011ஆம் ஆண்டில் மீண்டும் 1,600 ஏக்கரளவு வாங்கினார்கள். இருபத்தாறு ஆண்டுகள் நிலமில்லாதிருந்தும் அவர்கள் சபையைக் கலைக்கவில்லை! நம்பிக்கை என்னும் புண்ணியத்துக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமா?

மூன்றாவது அனுபவம் நம்மைப்போலவே நீரோரத்தில் வாழும் கத்தோலிக்க மக்களுடையது. போர்ட்டோ ரிக்கோத் தீவின் தலைநகரான சான் உவானில் மார்ட்டின் பேனியா என்னும் நீர்வழி இருக்கிறது. கிராமங்களில் பிழைப்பிழந்த ஏழைகள் அதன் சதுப்புக் கரையை நிரவி, உறுதியின்றிக் குடியேறினார்கள். தூர்ந்துபோன நீர்வழியை அரசு ஆழமாக்க முன்வந்தபோது அவர்கள் மகிழ்ச்சியோடு ஒரு பயமும் கொண்டனர். நீர் தெளிந்தால் கரையின் விலை ஏறும்; விலை ஏறினால் நாங்கள் எங்கே போவோம்? நூற்றுக்கணக்கான கூட்டங்கள் கூடி, தனித்தனி உறுதியா, பொதுக் காணியா என்று தாங்களே பேசித் தீர்மானித்தார்கள். 2004ஆம் ஆண்டில் அவர்களுக்கென்றே ஒரு சட்டம் பிறந்தது. சுமார் 200 ஏக்கர் நிலம் தருமத்தின் பெயருக்கு வந்தது. குடும்பங்களுக்கு வீட்டுரிமையும், அந்நிலத்தில் நிலைத்திருக்கும் உரிமையும் பதிவு செய்து கொடுக்கப்பட்டன. 2009ஆம் ஆண்டில் வேறொரு அரசு அந்நிலத்தைப் பிடுங்கி நகரசபைக்குக் கொடுத்தது. மக்கள் விடவில்லை. 2013ஆம் ஆண்டில் புதிய சட்டத்தால் அதை மீட்டெடுத்தார்கள். தாங்களே பேசித் தீர்மானித்த காணியாதலால்தான் அதற்காகப் போராட அவர்களுக்குக் கால்கள் இருந்தன.

ஏழைக்கு மெய்யாகப் பயன்பட

இந்த அனுபவங்களிலிருந்து நாம் கற்கவேண்டியது யாது? பொதுக் காணி என்று பெயர் வைத்தால் மட்டும் அது ஏழையின் காணியாகிவிடாது. பொது என்ற சொல்லின் நிழலிலும் ஒருவர் எசமானாக இருக்கலாம். நம் நாட்டில் தருமகர்த்தாக்களின் வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறுவதை நாம் அறியாதவர்களா? ஆகையால் சில காரியங்களை முதலிலேயே எழுத்தில் உறுதிப்படுத்தவேண்டும்.

முதலாவது, பரிபாலன சபையில் உறுதியற்றவர்களின் குரல் ஓங்கியிருக்கவேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்பது வேற்று நாட்டு வழக்கம். நம் ஊரில் ஒரு ஆசிரியரும், ஒரு அப்புக்காத்தும், ஒரு குருவானவரும் இருந்த கூட்டத்தில் கூலிக்காரர் ஒருவர் வாய் திறப்பது எளிதன்று. நாற்காலி கொடுத்தாலும் அவர் நுனியிலேயே இருப்பார். எனவே பாதிக்கு மேற்பட்ட இடம் குடியிருப்பவர்களுக்கே இருக்கட்டும். படித்தவர்கள் ஆலோசனை சொல்லட்டும். கையொப்பம் அவர்களுடையதாக இருக்கட்டும்.

இரண்டாவது, பெண்ணின் பெயர். 1968ஆம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாள் இரவில், நாம் பாலன் இயேசுவை வணங்கிக்கொண்டிருந்த அதே நாளில், தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தாழ்த்தப்பட்ட மக்கள் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அந்தச் சாம்பலைக் கண்டு அங்கே பணி செய்ய வந்தவர்கள் கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும். பூமிதானத்தில் வினோபாவோடு நடந்தவர்கள் அவர்கள். 1981ஆம் ஆண்டில் 'லாஃப்டி' என்ற உழவர் நில இயக்கத்தைத் தொடங்கி, நிலச் சொந்தக்காரரோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் ஏறத்தாழ 13,000 ஏக்கரை நிலமற்றோருக்குச் சேர்ப்பித்தனர். பொதுக் காணியாக வைக்காமல் தனித்தனியாகவே எழுதினார்கள். ஆனால் எழுதியது பெண்களின் பெயரில். ஆணின் பெயரிலுள்ள காணி சாராயக் கடைக்கும் கடனுக்கும் போகலாம். தாயின் பெயரிலுள்ளது பிள்ளைகளுக்கு நிற்கும் என்று அவர்கள் கண்டார்கள். நமது நாட்டில் அரச பேர்மிட் காணிகளின் வாரிசு ஒழுங்கில் மகனுக்கு இருந்த முந்துரிமை 2022ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது. யுத்த விதவைகள் இத்தனை பேர் வாழும் மண்ணில், குத்தகைப் பத்திரத்தில் முதற்பெயர் பெண்ணுடையதாக இருப்பதே நீதி.

மூன்றாவது, நிலத்தை ஈடு வைக்கலாகாது. வீட்டின் மேல் கடன் எடுக்கலாம். நிலத்தின் மேல் எடுக்க யாருக்கும், சபைக்குங்கூட, அதிகாரம் இருக்கக்கூடாது. ஜோர்ஜியாவின் 5,700 ஏக்கரும் சொல்லும் பாடம் இது. வாங்குவதைவிடத் தானமாகப் பெறுவது மேல். வாங்கினாலும் கடனின்றிக் கையிலுள்ள அளவுக்கு வாங்குவது மேல்.

நான்காவது, சீதனக் கேள்வி. "உறுதி இல்லாத காணியை மகளுக்கு எப்படிக் கொடுப்பது? யார் ஏற்பார்கள்?" என்று தாய்மார் கேட்பார்கள். இக்கேள்வியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாகாது. எத்தனையோ நல்ல திட்டங்கள் இந்த இடத்தில்தான் இடறி விழும். குத்தகையும் வீடும் மகளுக்கு எழுதிக் கொடுக்கக்கூடியவை என்று பத்திரத்தில் தெளிவாக இருக்கவேண்டும். பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் எழுதிப் பதிவு செய்யப்படவேண்டும். தயவில் இருப்பவருக்கும் பத்திரத்தோடு இருப்பவருக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. தயவு காணிக்காரரின் மனநிலையோடு மாறும். பதிவான பத்திரம் அவர் பேரப்பிள்ளையையும் கட்டுப்படுத்தும்.

ஐந்தாவது, நல்ல காணி கொடுங்கள். வெள்ளம் நிற்கும் பள்ளமும், உவர் ஏறிய கிணறும், பாதையில்லாத மூலையும் ஏழைக்கு என்று ஒதுக்கினால், நாம் கொடுத்தது காணியல்ல, மற்றொரு முகாம். வேலைக்கும் பள்ளிக்கும் போகக்கூடிய இடத்தில், ஊரின் நடுவில் கொடுங்கள். கடற்றொழிலாளியைத் துறையிலிருந்து ஐந்து மைல் தள்ளி வைத்துவிட்டு வீடு கொடுத்தோம் என்று சொல்வதில் பயனில்லை.

எங்கே தொடங்குவது?

இவையெல்லாம் நம்மால் ஆகுமா என்று சிலர் ஐயுறலாம். சேர்ந்து நடத்தும் வல்லமை நம்மவருக்கு உண்டு. 1936ஆம் ஆண்டில் மூளாயில் ஊரார் ஒரு கூட்டுறவு வைத்தியசாலையையே நிறுவினர். நம் கரையோரங்களில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சீவல் தொழிலாளரும் சங்கமாய்ச் சேர்ந்து தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து விடுபட்டனர். மருத்துவத்துக்கும் மீனுக்கும் கள்ளுக்கும் முடிந்தது காணிக்கு ஏன் முடியாது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்துப் பரப்புக் காணி ஒன்று தருமத்துக்குக் கிடைக்கிறதென்று வையுங்கள். குடும்பத்துக்கு ஒரு பரப்பாக எட்டுக் குடும்பங்கள். எஞ்சிய இரண்டில் ஒரு ஒழுங்கை, ஒரு பொதுக் கிணறு, பிள்ளைகள் விளையாட ஒரு முற்றம். வீட்டுத் திட்டம் வரும்போது காணி எங்கே என்று கேட்டால், காட்ட ஒரு பத்திரம் அவர்கள் கையில் இருக்கும். வெளிநாட்டில் இருப்பவரின் பற்றை மண்டிய ஒரு வளவு போதும், இத்தனையும் நடக்க.

ஆனால் மற்றவரைக் கேட்குமுன் ஆலயத்தின் வேலியிலிருந்தே தொடங்கவேண்டும். ஆலயங்களுக்கும் கோயில்களுக்கும் மன்றங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பக்தர்கள் எழுதிவைத்த காணிகளில் பயனின்றிக் கிடப்பவை உண்டு. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருச்சபை சொத்து வைத்திருப்பதன் நோக்கங்களுள் ஏழைகளுக்கான அன்புப்பணியையும் எடுத்துக் கூறுகிறது. உரிய அனுமதியோடு, உரிய முறையில், ஒரு பங்கிலேனும் ஒரு துண்டுக் காணி இவ்வாறு ஒப்படைக்கப்படுமானால், அது நூறு பிரசங்கங்களுக்குச் சமம். அதில் குடியேறுவோர் கத்தோலிக்கரா, சைவரா, முஸ்லிமா, எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேட்கவேண்டியதில்லை. உறுதி உண்டா, இல்லையா என்பது ஒன்றே கேள்வி.

திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987ஆம் ஆண்டின் சுற்றுமடலில் தனிச்சொத்தின்மேல் சமுதாயத்தின் ஈடு ஒன்று உண்டு என்ற கருத்தை விளக்கினார். ஈடு என்றால் யாழ்ப்பாணத்தவருக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஈடு மீளாத உறுதியை நாம் கறைபடிந்த உறுதி என்போம். அப்படியானால் நம் ஒவ்வொருவரின் உறுதியிலும், பதிவுக் கந்தோரில் காணப்படாத ஒரு ஈடு இருக்கிறது. கடன் கொடுத்தவர் ஏழை. அதை மீட்காமல் நாம் கண்மூடினால், கணக்குக் கேட்பவர் வேறொருவர்.

"முதுசத்தை விட்டுக் கொடுக்கலாமா? நாபோத் தன் முதுசத் திராட்சைத் தோட்டத்துக்காக உயிரையே கொடுத்தானே!" என்று யாரேனும் வேதத்தைக் காட்டலாம். உண்மை. ஆனால் அக்கதையில் நாபோத் சிறியவன். மாளிகையும் தோட்டமும் உள்ளவன் ஆக்காப் அரசன். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர் ஆயரான புனித அம்புரோசியார் இக்கதையைக் குறித்து ஒரு நூலே எழுதினார். நாபோத்தின் கதை பழையது, ஆனால் அன்றாடம் நடப்பது என்பது அவர் கண்ட உண்மை. காணியை இறுகப் பிடித்திருக்கும் நம் கைகள் நாபோத்தின் கைகளா, ஆக்காபின் கைகளா என்பதை அவரவர் மனச்சாட்சியே சொல்லட்டும். ஊர்க்காணித் தருமம் என்பது வேலியற்ற நாபோத்துகளுக்கு நாம் அடைத்துக் கொடுக்கும் வேலி.

அன்பர்களே, பெரிய திட்டங்களுக்காகக் காத்திராமல் சிறியதொன்றைச் செய்யுங்கள். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், உங்கள் வட்டாரத்தில் பிறர் வளவில் குடியிருக்கும் குடும்பங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெயர் கேட்டு எழுதுங்கள். அதன்பின் பூட்டிக் கிடக்கும் வளவுகள் எத்தனை என்றும் எண்ணுங்கள். இரு கணக்கையும் பங்குச் சபையின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு எழுதும்போது, "உங்கள் வளவு என்ன பாடு?" என்று கேட்பதோடு, "அதில் ஒரு பரப்பைத் தருமத்துக்கு எழுதலாமா?" என்றும் ஒரு வரி சேருங்கள். பல கடிதங்களுக்கு மறுமொழி வராது. ஒன்றுக்கு வந்தாலும் ஒரு குடும்பம் நிமிர்ந்து நிற்கும்.

தலைசாய்க்க இடமின்றி நடந்த ஆண்டவர், தம் வளவில் நம்மையெல்லாம் குடியிருத்தியவர், இடமில்லாதோர்க்கு இடம் செய்யும் மனத்தை நமக்குத் தந்தருள்வாராக!